ஐகோர்ட் துரைக்கு ஒரு வார்த்தை

ஜெசிந்தா மச்சாது ஒரு கல்யாண வரவேற்பில் ஐகோர்ட் துரையை "ப்ரெண்ட்" என்று சொன்னாள். சொன்ன அந்த நிமிஷமே துரைக்கு வீட்டுக்குப் போகிற வழி மறந்து போயிற்று.

தூத்துக்குடியில் அவள் வேலை பார்க்கிற ஷிப்பிங் ஆபீஸ் மேனேஜருடைய மகள் கல்யாணம் அது. மேடைக்குக் கீழே நின்றிருந்த மேனேஜரின் மனைவி, பட்டுப்புடவையும் அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்து வலித்த தாடையுமாக, துரையைக் காட்டி "ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஜெசிந்தாவிடம் தமிழில் பதில் இருந்ததே இல்லை. புருஷன் என்று சொல்ல முடியாது. லாறன்ஸ் என்று ஒருவன், கப்பலில் போனவன், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டவன், சாகாமலும் திரும்பாமலும் மாதா கோயில் கணக்கில் இன்னும் அவளுக்குப் புருஷனாகவே இருந்தான். காதலன் என்று சொல்ல, ஐம்பதைத் தொடப்போகிற நாக்கு கூசியது. துணைவர் என்பது மைக் பிடிக்கிறவர்கள் சொல்வது. தமிழில் மிச்சமிருந்த வார்த்தைகள் எல்லாம் தினசரித் தாளில் கொலைச் செய்திகளுக்குள்ளே கிடந்தன. மழைக்கு யார் வீட்டு வாசலிலோ ஒதுங்குகிறவர்களைப் போல அவள் இங்கிலீஷுக்குள் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் கைக்கு அகப்பட்டது "ப்ரெண்ட்".

பந்தியில் துரை அவளுக்கு எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சரி ஜெசிந்தா. பார்த்ததுல சந்தோஷம். இன்னொரு நாள் பாப்போம்" என்றார். ஏழெட்டு வருஷமாக அவளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே பாட்டிலில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்ட மனிதர் மண்டபத்து வாசலில் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றபோது, "உங்க வீட்டுக்கா? நல்லாவா இருக்கும்?" என்று பின்வாங்கினார். கடைசியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் மெஷின் பார்க்கிற ஐஸ் கம்பெனியில் கொண்டுபோய் விட்டாள். அந்த இடம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் கம்பெனிக்குப் போய், முதலாளியிடம், நன்றாக யோசித்து, "ஹி இஸ் மை பார்ட்னர்" என்று சொல்லி அவரை அழைத்து வந்தாள். வழி திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் துரை தோசையைச் சரிபாதியாகப் பிய்த்தார். மின்விசிறி யார் பக்கம் எவ்வளவு நேரம் திரும்புகிறது என்று பார்த்தார். பீரோவில் தன் வேட்டிகளை ஒரு பக்கமாக அடுக்கி, நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தினார். அவள் தலைவலி என்று படுத்தபோது கால்மாட்டில் வந்து உட்கார்ந்து, "பாதி வலிய நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டார். கேட்டது அன்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அதில் கணக்கு வாடை அடித்தது.

இப்படித்தான் அவளுக்கும் பிறகு தெருவுக்கும் விஷயம் விளங்கியது. அவள் வாயால் எந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்கிறாளோ, துரை அதுவாக ஆகிவிடுவார், அடுத்த வார்த்தை வருகிறவரைக்கும். தமிழில் எது சொன்னாலும் அவர்மேல் ஒட்டவில்லை. வேறு யார் வாயால் சொன்னாலும் ஒட்டவில்லை. ஏன் என்று யாரும் குடைந்து கேட்கவில்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற அந்தத் தெருவில் கடல் ஒருநாள் உள்வாங்கும், ஒருநாள் கூரைவரை வரும், அதையே யாரும் கேட்டதில்லை. கீழ்வீட்டுச் செல்லக்கனி மட்டும், வாசலில் நெத்திலி காயப்போட்டபடி, "பேரே இங்கிலீசுல்லா. குலசாமி பேருன்னாலும் ஐகோர்ட்டு ஐகோர்ட்டுதான. பேருல ஓட்ட இருந்தா அது வழியா இங்கிலீசு உள்ள போவத்தான் செய்யும்" என்று சொன்னாள். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "இன்னிக்கு அவுக என்னவா இருக்காக?" என்று கேட்டுக்கொண்டார்கள், இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கேட்கிற அதே குரலில். ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் அகராதியோடு வந்து, "கம்பானியன்" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். சொன்னாள். துரை அன்று முழுவதும் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினார், மருந்து எடுத்துக் கொடுத்தார், அவள் எழுந்தால் எழுந்தார், இருவருக்கும் எண்பது வயதானது போல இருந்தது. பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாய்ப்ரெண்ட்னு சொல்லிப் பாருங்கக்கா" என்று தூண்டினார்கள். அதையும் சொன்னாள். துரைக்கு மீசை கறுத்தது, கன்னத்தில் பரு வந்தது, அவள் ஆபீஸ் வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு நின்றார், அவள் போன் எடுக்கப் பிந்தினால் சாப்பிடமாட்டேன் என்றார். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "பார்ட்னர்" என்று சொல்லி ஸ்கேலுக்கே திரும்பிவிட்டாள்.

பயந்தது ஒரே ஒரு தடவைதான். கண் ஆஸ்பத்திரியில், சொட்டு மருந்து விட்டு மங்கலாகிப்போன கண்ணோடு துரை பெஞ்சில் இருந்தார். டாக்டர், தலையைத் தூக்காமல், "ஹஸ்பண்டா?" என்றார். காலையிலிருந்து வரிசையில் நின்றிருந்த அசதியில் ஜெசிந்தா, "எஸ், ஹஸ்பண்ட்" என்று சொல்லிவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது பின்னால் வந்த காலடி துரையுடையது இல்லை. குதிகாலைத் தரையில் குத்திக் குத்தி நடக்கிற அந்தக் காலடியை அவள் மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "பைய எடுத்துக்கிட்டு வேகமா வாட்டி. வாயப் பார்த்துக்கிட்டு நிக்கா" என்றது லாறன்ஸின் குரல், துரையின் வாயிலிருந்து. அவளுக்குத் தெரிந்த ஹஸ்பண்ட் அது ஒன்றுதான், வார்த்தை அதைத்தான் கொண்டுவந்தது. படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, "ப்ரெண்ட்! ப்ரெண்ட்!" என்று கத்தினாள். துரை திகைத்து நின்றார், பிறகு பணிவாக, "நீங்க நல்லா இருக்கியளா? ஏன் அழுதிய?" என்று கேட்டார். வழி தெரியாத அந்த மனிதரைக் கையைப் பிடித்து, ஒரு விருந்தாளியைப் போல, அவருடைய வீட்டுக்கே கூட்டி வந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் போகும்போது அவரிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அடித்து அடித்துத் துவைத்த சட்டை மாதிரி மனிதர் நைந்திருந்தார். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் காதுமடல் வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஐஸ் கம்பெனியில் கட்டிகளைத் தூக்கி நகர்த்துகிற கை, சோற்றுப் பானையை இறக்க நடுங்கியது. அவர் ப்ரெண்டாகவே இருந்துவிட்டாலும் பரவாயில்லை, இனிமேல் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். விசேஷ வீடுகளுக்குப் போகவில்லை. யாராவது அவரைக் காட்டிக் கேட்டால் இருமினாள்.

அப்போதுதான் மகள் ரொவீனாவுக்குச் சம்பந்தம் வந்தது.

ரொவீனா சென்னையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கிற டெரன்ஸைப் பிடித்திருந்தது. டெரன்ஸின் அம்மா கிளாரிஸ், சாந்தோம் பக்கம், வீட்டில் பாதிப் பேச்சு இங்கிலீஷ். தான் பள்ளிக்கூடம் போகிற வயதில் துரை வீட்டுக்குள் வந்ததிலிருந்து ரொவீனா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே பேசப் பழகியிருந்தாள். "சாப்பாடு ஆச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவர் வந்துவிடுவார். அவளுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. கூப்பிடத்தான் ஒரு சொல் இல்லை.

"நாளைக்கு அவங்க அம்மா வீடியோ கால்ல வருவாங்க" என்றாள் ரொவீனா போனில். "அங்கிள்னு சொல்லிரும்மா."

"இனிமே எந்த வார்த்தையும் வேண்டாம்னு இருக்கேன்டி. மனுஷன் தாங்கமாட்டாரு."

"அம்மா, அங்கிள் ஒரு வார்த்தையாம்மா? ஆட்டோக்காரர் அங்கிள், வாட்ச்மேன் அங்கிள், உலகத்துல எல்லாரும் அங்கிள்தான். அதுல என்ன ஆகிறப் போகுது? எனக்காக ஒரு தடவ."

சொன்னாள். வீடியோவில் கிளாரிஸ் கையசைத்தாள். துரையும் கையசைத்தார், எல்லாப் பிள்ளைகளுக்கும் கையசைக்கிற ஒருவரைப் போல.

அந்த வார்த்தைதான் இருந்ததிலேயே சாதுவாக வந்தது, இருந்ததிலேயே ஆழமாகப் போனது. துரை ஊருக்கே அங்கிள் ஆனார். தெருவில் எவர் வீட்டு மோட்டார் நின்றாலும் ஸ்பேனரோடு போனார். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டார். அண்ணன் தம்பி சண்டையில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் டீ குடிக்க வைத்தார். கல்யாண வீடுகளில் வாசலோரம் பிளாஸ்டிக் சேரில் இருந்து, வருகிறவர்களை உள்ளே அனுப்பினார். அவரைப் பற்றி முன்பு முணுமுணுத்தவர்கள் எல்லாரும் அவருக்கு மீன் கொடுத்தனுப்பினார்கள். தெரு அப்படி நிம்மதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் அவர் முன்னறையில் படுத்துக்கொண்டார். ஜெசிந்தா ஆபீஸிலிருந்து வந்தால், "வாம்மா, வெயில்ல அலஞ்சு வந்திருக்க. சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். எதிர்வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற அதே குரல். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். துரை அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் சரியாப் போயிரும்மா. நல்லா படி" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. விவரம் தெரிந்த செல்லக்கனி மேலே ஏறி வந்தாள், தெருவின் சார்பில் வந்ததாகவே சொன்னாள்.

"அவுகள இப்படியே விட்டுருட்டி. வேற எதையும் சொல்லி மாத்திராத. ஊருக்கு எவ்வளவு நல்லதா இருக்கு."

"எனக்குக்கா?"

"உனக்கென்ன? வீட்டுல ஒரு ஆம்பள இருக்கு. எவளும் ஒன்னய ஒரு வார்த்த சொல்லுதது இல்ல. புள்ளைக்கு நல்ல எடம் வந்திருக்கு. இதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?"

"அவர் வேணும்."

செல்லக்கனி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "அவுகதான் இருக்காகள்ல" என்று சொல்லிவிட்டு, அது சரியாக வரவில்லை என்று அவளுக்கே தெரிந்து, படி இறங்கிப் போனாள்.

நிச்சயம் பேச கிளாரிஸும் டெரன்ஸும் தூத்துக்குடிக்கே வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு ஜெசிந்தா வீட்டில். அவள் விடியலிலிருந்து சீலாமீன் குழம்பும் பொரியலும் வைத்து, ஓடி ஓடி, முட்டி கழன்றுபோன மாதிரி நின்றாள். துரை பாயசவாளியோடு இலை இலையாகக் குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தார். குனியும்போது அவருடைய சட்டை வழியாக எதிர்ச்சுவரின் பச்சை லேசாகத் தெரிந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெரன்ஸ் மட்டும் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

கிளாரிஸ் பாயசத்தைக் குடித்துவிட்டு, நல்ல மனதோடுதான் கேட்டாள். "அங்கிள் எவ்ளோ நல்லவரா இருக்கார். எங்க ஆளுங்க கேப்பாங்க, அதனால கேக்கறேன். எந்த வழியில அங்கிள்? உங்க பக்கமா, உங்க ஹஸ்பண்ட் பக்கமா?"

ரொவீனா அம்மாவைப் பார்த்தாள். ஒரு சின்னப் பொய் போதும், அப்பா வழிச் சித்தப்பா என்று சொன்னால் முடிந்தது. ஜெசிந்தாவுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைத் தூக்கி வெளியே போடத்தான் அவளிடம் சக்தி இல்லை. பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"ஹி இஸ் நாட் அங்கிள்" என்றாள்.

துரை கரண்டியைத் தூக்கினபடி நின்றுவிட்டார். அவர்மேல் இப்போது ஒரு வார்த்தையும் இல்லை. முகம் யாருடையதாகவும் இல்லாமல், தண்ணீரில் விழுந்த பேப்பர் மாதிரி, மெல்ல விளிம்பு கரைந்தது. கரண்டியிலிருந்து பாயசம் சொட்டியது. ஜெசிந்தா வார்த்தையைத் தேடினாள். ப்ரெண்ட் வழியை மறக்கும். பார்ட்னர் ஸ்கேலை நிறுத்தும். பாய்ப்ரெண்ட் சாப்பிடாமல் படுக்கும். ஹஸ்பண்ட் குதிகாலைக் குத்தும். அகராதிக்காரர் கொடுத்த எல்லாவற்றையும் மனதில் புரட்டிப் பார்த்தாள். எல்லாமே அவரை ஏதாவது ஒன்றாக ஆக்குகிற வார்த்தைகள். அவர் எதுவாகவும் ஆக வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. இங்கே இருந்தால் போதும்.

"ஹி இஸ் வித் மீ" என்றாள். கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னாள். "வித் மீ."

துரை வாளியைக் கீழே வைத்தார். இலைகளைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். "ஜெசி, இடுப்பு ரொம்ப வலிக்கி. கொஞ்சம் உக்காருதேன்" என்றார்.

அவர் ஜெசி என்று கூப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. அவள் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானும் இன்னொன்றில் உட்கார்ந்தாள். விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்னால், பரிமாறாமல், இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்கள். ரொவீனா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கிளாரிஸ் இலையைப் பார்த்தபடி இருந்தாள். "எங்க ஆளுங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"தெரியலங்க. இவ்வளவு காலம் தேடி எனக்கே இப்பத்தான் கெடச்சுது. அதுவும் பேர் இல்ல."

வெளியே செல்லக்கனி கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. கிளாரிஸ் இலையை மடிக்கப்போய், மடிக்காமல் கையை எடுத்தாள். "டெரன்ஸோட அப்பா துபாய்ல வேலைல இருக்கார்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். "அவர் அண்ணா நகர்ல இருக்கார். வேற வீட்ல. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நானே ரெண்டு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கி, அவர் அனுப்பினதுன்னு கொடுக்கறேன். ரொம்ப டயர்டா இருக்கு."

டெரன்ஸ் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

ரொவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாளியை எடுத்து எல்லாருக்கும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். துரைக்கும் ஒரு டம்ளரில் ஊற்றிவிட்டு, எப்போதும்போல எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள். இந்த முறை சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கல்யாணம் நடந்தது. கிளாரிஸின் ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்கள் திருப்தியாகச் சாப்பிட்டுப் போனார்கள்.

அந்த வார்த்தையும் தன் வேலையைச் செய்தது. மற்றவை செய்ததுபோலவே முழுசாகச் செய்தது. துரையும் ஜெசிந்தாவும் ஒருவரைவிட்டு ஒருவர் தெருவின் நீளத்துக்கு மேல் தள்ளிப் போக முடியாமல் ஆயிற்று. போனால் கால் நகராது, இல்லையென்றால் மற்றவர் இழுபட்டு வந்து சேருவார். காலையில் அவர் அவளோடு ஷிப்பிங் ஆபீஸுக்குப் போய் ஏசி ரிப்பேர் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் அவள் அவரோடு ஐஸ் கம்பெனிக்குப் போய், சென்னையிலிருந்து ரொவீனா அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மிச்ச வேலையை மடியில் வைத்துப் பார்த்தாள். அவரிடமிருந்து கழன்றுபோனது எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் புதிதாக எதுவும் கழலவில்லை.

அங்கிளை இழந்த தெரு ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. என்ன வார்த்தை சொன்னாள் என்று வாத்தியார் வந்து சொல்ல, செல்லக்கனி, "வித்தா? எதட்டி வித்தா, நல்லா ஓடிக்கிட்டிருந்த மனுசனயா வித்தா?" என்று அங்கலாய்த்தாள். பிறகு மோட்டார் நின்றபோது கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. கூப்பிட்டால் இரண்டு பேரும் வருவார்கள் என்பதால், மோட்டார் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டார்கள். அவர் கழற்றி மாட்டுகிறவரைக்கும் ஜெசிந்தா அதில் உட்கார்ந்து ஆபீஸ் பைல் பார்த்தாள். போகப்போகப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், "ரெண்டு பேரும் வந்திருங்க" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் இருவருக்கும் சண்டை வந்தது. துரையின் தங்கை ஏரலில் இருந்தாள். கொடைக்கு அண்ணன் மட்டும் வரட்டும், ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நீ வாசல்ல நின்னுக்கோ. நான் உள்ள போயி தலையக் காட்டிட்டு வந்துருதேன்" என்றார் துரை.

"வாசல்ல நிக்க நான் என்ன செருப்பா?"

"வேற எப்படி நான் போவ முடியும்? நீ சொன்ன வார்த்தையாலதான இது?"

"ஆமா, நான்தான் சொன்னேன். நான் ஒருத்திதான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லிச் செத்தேன். நீங்க ஒரு நாளாவது யாருகிட்டயாவது என்னய என்னன்னு சொன்னியளா? உங்க தங்கச்சிகிட்டயாவது?"

துரை குனிந்து வேட்டி நுனியைச் சரிசெய்தார். ஜெசிந்தா, "உங்களோட மனுஷி இருப்பாளா" என்று கத்திவிட்டு, படியிறங்கி, செல்லக்கனியின் நெத்திலியைத் தாண்டி, தெருவில் வேகமாக நடந்தாள். எங்கே போகிறோம் என்று இல்லை. உப்புக்காற்று எதிரே அடித்தது. தெருமுனையில் டீக்கடை முன்னால் கால் நின்றுபோனது. தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இழுபட்டு வந்து நின்ற துரையின் ஒரு காலில் அவர் செருப்பும் இன்னொரு காலில் அவளுடையதும் இருந்தன. மனிதருக்கு மூச்சு இரைத்தது. தெருவில் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை.

"ஏரலுக்குப் போகல" என்றார் துரை. "அவகிட்ட போன்ல சொல்லிருதேன். ரெண்டு பேரும் உள்ள வரலாம்னா வாரோம், இல்லன்னா இல்லன்னு." கொஞ்சம் நிறுத்தி, "திட்டி முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. மூச்சு வாங்குது."

"மெள்ள வாங்கிக்கோ. நான் இங்கனதான நிக்கேன்."

அவள் மெள்ள வாங்கிக்கொண்டாள். பிறகு மிச்சத்தையும் திட்டினாள்.